தொடாத இடம் கறுப்பு: சித்தப்ரசாத்தின் லினோகட்டும் சிவகாசியின் நிறங்களும்

படத்தைக் கையில் வாங்கியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, ‘இது கலர்ல இல்லையாப்பா?’ என்பதுதான்.

சூலக்கரை வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கரண்ட் இல்லை. சென்னை நண்பர் ஒருவரிடமிருந்த தொகுப்பிலிருந்து நான் ஜெராக்ஸ் எடுத்து வந்த தாள் அது. ஷூ பாலிஷ் பெட்டியோடு ஒரு பையன். வங்காள ஓவியர் சித்தப்ரசாத்தின் லினோகட். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தாள். ‘மூஞ்சி கெழவன் மூஞ்சியால்ல இருக்கு. கட்டை அடுக்குற பயலா?’ இல்லை, பம்பாய்ப் பக்கம், ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற பையன் என்றேன். ‘பெட்டியப் பாத்ததும் நம்ம பக்கம்னு நெனச்சுட்டேன். என்ன, கலர்ல போட்டிருந்தா எடுப்பா இருந்திருக்கும்.’

அம்மா சாத்தூர்ப் பக்கம் பிறந்தவள். எட்டு வயசில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். (எங்கள் பக்கம் அது ஆபீஸ்தான், தொழிற்சாலை என்ற சொல் அரசாங்கக் காகிதத்தில் மட்டும் வரும்.) விடியுமுன்னே ஊருக்குள் வந்து நிற்கும் ஆபீஸ் வண்டியில் தூக்கக் கலக்கத்தோடு ஏற்றிவிடப்பட்ட பிள்ளைகளில் ஒருத்தி. முதலில் குச்சியைக் கட்டையில் அடுக்கினாள். பிறகு பெட்டி ஒட்டினாள், லேபிள் ஒட்டினாள். கல்யாணம் வரைக்கும் அதுதான். நம் விமர்சனங்களில் ‘சாதாரண வாசகர்’ என்று ஒரு கற்பனை ஆளை வைத்துக்கொண்டு பேசுகிறோமே, அந்த ஆள் அல்ல அவள். படத்தில் இருக்கிறவனின் வயசையும் வேலையையும் உடம்பால் தெரிந்தவள். அப்படிப்பட்டவள் கலர் எங்கே என்று கேட்கிறாள். கறுப்பு மை மட்டும் என்றால் செலவு குறைச்சல் என்று அப்போதைக்கு ஒரு பதில் சொல்லிவைத்தேன். பொய்யில்லை. ஆனால் அச்சோவியங்களைப் பற்றிப் பல வருஷமாகப் படித்தும் பேசியும் வருகிற எனக்கே அந்தப் பதில் கூச்சமாக இருந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கூச்சத்திலிருந்து எழுதப்படுகிறது.

*

எங்கள் மாவட்டத்தில் நிறம் என்பது அழகியல் பிரச்சினை அல்ல, தொழில். 1922ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பிய கதை இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு. இரண்டுக்கும் லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சு வேண்டும். தமிழகத்தின் வேறு ஊர்களில் அச்சு யந்திரம் வேதாகமத்துக்காகவும் பஞ்சாங்கத்துக்காகவும் பத்திரிகைக்காகவும் வந்தது. இங்கே அது ஒட்டுவதற்காக வந்தது. வாசிக்கப்படுவதற்காக அல்லாமல் ஒட்டப்படுவதற்காக அச்சுக்குள் நுழைந்த ஓர் ஊரின் பார்வைப் பழக்கம் எப்படி உருவாகியிருக்கும் என்று நம் பண்பாட்டு ஆய்வாளர்கள் அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை.

முதலில் கல் அச்சு. ஜெர்மனியில் 1790களின் கடைசியில் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை. பவேரியச் சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்பு கலந்த மையால் வரைந்து, கல்லைத் தண்ணீரில் நனைத்து, அச்சு மையை உருட்டினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். பிற்பாடு கல் போய்த் தகடு வந்தது, தகட்டைத் தொடர்ந்து ஆஃப்செட் வந்தது. இந்த அச்சுக்கு ஓவியம் கொடுத்தது கோவில்பட்டி. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதி, கோவில்பட்டியில் தங்கிவிட்ட கொண்டையராஜுவும் (1898-1976) அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சில் காலண்டராகி நாடெங்கும் போனார்கள். இதை மட்டமாகப் பேச நான் வரவில்லை. கோயிலுக்குள் விடமாட்டோம் என்று தடுக்கப்பட்டவர்களின் வீட்டுக்குள்ளும் மளிகைக்கடைக் காலண்டர் வழியாகச் சாமி வந்து சேர்ந்தது. அந்த வரலாற்றை ‘கிட்ச்’ என்ற ஒரு சொல்லால் தள்ளிவிடுகிற நண்பர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

ஆனால் சாமி மட்டும் வரவில்லை. கொழுகொழுவென்ற குழந்தைகளும் வந்தன. பால் வடியும் முகம், கன்னத்தில் குழி, கையில் ரோஜாப்பூ. காலண்டரில் வந்தன, பட்டாசுப் பெட்டி மேல் வந்தன. அந்தக் குழந்தைகளை ஒட்டியது யார் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். நான்கு நிறத்தில் சிரிக்கும் குழந்தையை, விரல் முழுக்கப் பசையோடு இன்னொரு குழந்தை அட்டைப்பெட்டி மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. இதில் உருவகம் எதுவும் இல்லை, வேலை அப்படி.

என் மாமா ஒருவர் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெஷின்மேனாக இருந்தார். லீவுக்குப் போகும்போது புரூஃப் தாள்களைக் காட்டுவார். மஞ்சள் மட்டும் ஒரு தாள், சிவப்பு மட்டும் ஒரு தாள், நீலம் மட்டும் ஒரு தாள். கடைசியாகக் கறுப்பு. அந்தக் கறுப்புத் தாளைத் தனியாகப் பார்த்தால் படம் என்றே சொல்ல முடியாது. கண் இமை, தலைமுடி, கழுத்து மடிப்பு, நகைக்குக் கீழே விழும் நிழல் எல்லாம் அங்கங்கே புகைமாதிரி கிடக்கும். ‘கறுப்புதான் மருமகனே எலும்பு. மத்ததெல்லாம் சதை. சதை சரியா உக்காந்துட்டா எலும்பு தெரியக்கூடாது. தெரிஞ்சா வேலை சரியில்லன்னு பார்ட்டி திட்டுவான்.’ கலர் அச்சின் கருத்தியலை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரிகிற புள்ளிகள், எடுத்துவிட்டால் மறைந்துபோக வேண்டும். எப்படிச் செய்யப்பட்டது என்பது பார்ப்பவனுக்குத் தெரியவே கூடாது.

*

அப்படியானால் கறுப்பு வெள்ளை என்பது நேர்மை, உண்மை, போராட்டம் என்று எழுதிவிடலாம். எழுதியும் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. காரணம், நம் மண்ணிலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் எடுக்கப்பட்ட புகைப்படங்களை நண்பர்கள் பார்த்திருக்கலாம். எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி. தோலும் எலும்புமாக இருக்கிறவர்களை, குடும்ப போட்டோவுக்கு உட்காரவைக்கிற மாதிரி வரிசைப்படுத்தியிருக்கிறார். சிலர் உட்கார்ந்தும் சிலர் நின்றும், மடியில் குழந்தையோடும். எல்லாருடைய விலா எலும்பையும் எண்ணும்படி வெளிச்சம் விழுந்திருக்கிறது. யாருக்கும் பெயர் இல்லை. இதே ஹூப்பர் 1886ல் மாந்தலேயில், பர்மியக் கைதிகளைச் சுட்டுக் கொல்லும் தருணத்தைப் படம்பிடிக்கக் காமிரா தயாராகும் வரை அவர்களை நிற்கவைத்தார் என்று குற்றம் சாட்டப்பட்டு விசாரணையைச் சந்தித்தவர். பஞ்சப் படங்களைப் பார்க்கும்போது அந்தக் காத்திருப்பும் சேர்ந்தே எனக்குத் தெரிகிறது. நிறமில்லாமை மட்டும் ஒரு படத்துக்கு எந்தத் தார்மீகத்தையும் கொடுத்துவிடுவதில்லை. எலும்பைக் காட்டுவது வேறு, எலும்பின் பக்கம் நிற்பது வேறு.

இங்கேதான் சித்தப்ரசாத் எனக்கு முக்கியமாகிறார். 1915ல் கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளிக் கரையில், சணல் ஆலைகளின் ஊரான நைஹாட்டியில் பிறந்தவர். பட்டாச்சார்யா என்ற பிராமணக் குடும்பப் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் சித்தப்ரசாத்தாக நின்றவர். ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவரில்லை. சிட்டகாங்கில் கல்லூரி, அங்கேயே விவசாயிகள் மத்தியில் வேலை, கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போஸ்டர். 1943ல் வங்காளத்தைப் பஞ்சம் தின்றபோது (30 லட்சம் பேர் அளவுக்குச் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு) கட்சி அவரை மிதுனபுரி மாவட்டத்துக்கு அனுப்பியது. நவம்பர் மாதம் நடந்தே சுற்றினார். கண்டதை மையால் வரைந்தார், பக்கத்திலேயே எழுதினார். ‘பசித்த வங்காளம்’ என்ற அந்தச் சிறு நூலின் ஐயாயிரம் பிரதிகளையும் பிரிட்டிஷ் அரசு கைப்பற்றி அழித்தது. குடும்பத்தார் பாதுகாத்த ஒரு பிரதி தப்பியது. 2011ல் தில்லியின் ஒரு கலைக்கூடம் அதை அப்படியே மறுஅச்சு செய்த பிறகுதான் நம்மைப் போன்றவர்கள் கண்ணில் பட்டது.

அந்தச் சித்திரங்களில் நான் முதலில் கவனித்தது கோட்டை அல்ல, எழுத்தை. யார், எந்த ஊர், நிலம் எத்தனை இருந்தது, யாரிடம் போயிற்று. செத்துக் கிடக்கிறவனுக்கும் பெயர் இருக்கிறது. ஹூப்பரின் காமிராவுக்கும் இந்தப் பேனாவுக்கும் நடுவே 67 வருஷம். ஆனால் வித்தியாசம் தொழில்நுட்பத்தில் இல்லை. படத்தில் இருப்பவரிடம் பெயர் கேட்கிற அளவுக்கு நின்று பேசினாயா என்பதில் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்தபோது நாங்கள் பார்த்த கலர் படங்கள் நினைவுக்கு வருகின்றன. புகை, ஆம்புலன்ஸ், கருகிய உடல். அவை நெஞ்சை அடைத்தன. ஆனால் செத்தவர்களின் ஊர் எது, எந்த அறையில் என்ன வேலை பார்த்தார்கள் என்பதெல்லாம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது.

*

1946ல் சித்தப்ரசாத் பம்பாய் போனார். நாற்பதுகளின் கடைசியில் கட்சியை விட்டு விலகினார். அந்தேரியில் வறுமையோடு கடைசிவரை ஏறக்குறைய தனியாகவே வாழ்ந்தார். லினோகட் அவரது பிரதான வடிவமானது இந்தக் காலத்தில்தான்.

லினோலியம் என்பது 1860களில் இங்கிலாந்தில் தரைக்கு விரிக்கக் கண்டுபிடித்த சரக்கு. ஆளிவிதை எண்ணெயைக் கெட்டியாக்கி, தக்கைத் தூளும் மரத்தூளும் கலந்து, சணல் துணிமேல் பூசுவது. வங்காளத்துச் சணல் கப்பலேறிப் போய் வெள்ளைக்காரன் வீட்டுத் தரையாக மாறிய கதை அதற்குள் இருக்கிறது. ஓவியனுக்கு அது கிடைத்ததில் ஒரு சௌகரியம். மரத்துக்கு ரேகை உண்டு, உளியை அது தன் போக்குக்கு இழுக்கும். லினோவுக்கு ரேகை இல்லை. கத்தி எந்தப் பக்கமும் போகும். மேல்பரப்பில் மையை உருட்டி, தாளை விரித்து, கரண்டியின் முதுகால் தேய்த்தால் போதும், அச்சு யந்திரமே வேண்டாம். ஒரு பூட்டிய அறைக்குள் இருந்துகொண்டு நூறு படம் எடுக்கலாம். தலைமறைவு அரசியலுக்கும் வறுமைக்கும் ஏற்ற கலை.

ஆனால் இந்த மலிவைப் பற்றி மட்டுமே நாம் திரும்பத் திரும்பப் பேசுகிறோம். எனக்கு உறைத்தது வேறு. லினோகட்டில் ஓவியன் கறுப்பை வரைவதில்லை. அவன் வெட்டி எடுக்கிற இடமெல்லாம் தாளில் வெள்ளையாக விழும். அவன் கத்தி படாமல் விட்ட இடம்தான் மையை வாங்கிக் கறுப்பாகிறது. ஆக, உழைப்பு முழுவதும் வெள்ளையில் இருக்கிறது. கறுப்பு என்பது ஏற்கனவே அங்கே இருந்தது. இருட்டுக்குள்ளிருந்து ஓர் ஆளை வெட்டி வெளியே எடுக்கிற மாதிரி. பேனாவால் வரைந்த கோட்டோவியத்தையும் அச்சோவியத்தையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு ‘கறுப்பு வெள்ளைப் படம்’ என்று சொல்லிவிடும்போது இந்த எதிர்த்திசை நம் கண்ணிலிருந்து தப்பிவிடுகிறது.

தில்லியில் ஒரு கண்காட்சியில் அவருடைய லினோகட் ஒன்றை முதன்முதலாக நேரில் பார்த்தபோது, பத்து நிமிஷம் நின்ற பிறகுதான் எனக்கு இது பிடிபட்டது. தள்ளி நின்றால் கையும் தோளும் தெரிகின்றன. கிட்டே போனால் வெட்டு தெரிகிறது: கத்தி எங்கே ஆழமாக இறங்கியது, எங்கே வழுக்கியது, ஒரு வீச்சு எங்கே தொடங்கி எங்கே மெலிந்து முடிந்தது. பெரிய கறுப்புப் பரப்பில் மை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கவில்லை, தேய்த்த அழுத்தத்துக்கு ஏற்ப அங்கங்கே தாளின் நார் எட்டிப் பார்க்கிறது. காவலாளி ‘கண்ணாடியத் தொடாதீங்க’ என்று சொல்லுமளவுக்குக் கிட்டே போய்விட்டேன். மாமாவின் ஊரில் எது மறைந்தால் வேலை சுத்தம் என்று சொன்னார்களோ அது இங்கே மறைக்கப்படவில்லை. செய்த கை படத்திலேயே இருக்கிறது. வேலை செய்கிற குழந்தையைப் பற்றிய படத்தில், வேலை செய்த தடம் அழிக்கப்படாமல் இருப்பதை ‘உருவம்’ என்பதா, ‘உள்ளடக்கம்’ என்பதா? நம் பழைய சண்டையின் இரண்டு தரப்பும் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கவில்லை.

*

ஒரு காலத்தில் லூசுன் பதில் வைத்திருந்தார். நம்மவர்களுக்கு லூசுன் கதைக்காரராகத்தான் பழக்கம். 1931 ஆகஸ்டில் ஷாங்காயில் பதின்மூன்று இளைஞர்களைக் கூட்டி, ஒரு ஜப்பானிய ஆசிரியரைக் கொண்டு மரச்செதுக்குப் பட்டறை நடத்தினார். மொழிபெயர்ப்பாளராக அவரே உட்கார்ந்தார். அந்த வருஷம் பிப்ரவரியில் அவருடைய இளம் நண்பர் ரௌ ஷியை அரசு சுட்டுக் கொன்றிருந்தது. அஞ்சலிக் கட்டுரை எழுதி வெளியிட முடியாத நிலை. ஒரு பத்திரிகையில் கேத்தே கொல்விட்ஸின் மரச்செதுக்கு ஒன்றை, ஒரு தாய் தன் குழந்தையை ஏந்திக் கொடுக்கிற ‘பலி’யை, வெளியிட்டார். அதுவே அஞ்சலியாயிற்று. 1936ல், சாவதற்குச் சில மாதம் முன்பு, கொல்விட்ஸின் படங்களைத் தன் செலவில் நூற்றுச் சொச்சம் பிரதிகள் தொகுப்பாகப் போட்டார். நூற்றுச் சொச்சம்! நம் சிறுபத்திரிகைக் கணக்குத்தான்.

புரட்சி அவசரமானது, மரச்செதுக்கு சீக்கிரம் முடிகிற காரியம் என்று சொன்ன அதே ஆள், இளம் ஓவியர்களுக்கு எழுதிய கடிதங்களில் மனித உடம்பை ஒழுங்காக வரையக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஓயாமல் நச்சரித்தார். தொழிலாளியை வரைகிறேன் என்று முஷ்டியைத் தலையைவிடப் பெரிதாகப் போட்டால் ஆயிற்றா என்ற தோரணை. நியாயம் உன் பக்கம் இருக்கிறது என்பதற்காகக் கோடு தன்னால் சரியாகிவிடாது என்பது அவர் கட்சி. கொல்விட்ஸ் ‘நெசவாளர் எழுச்சி’யை (1893-97) செய்தபோது ஆறு படங்களில் மூன்றைக் கல் அச்சிலும் மூன்றை உலோகத் தகட்டிலும் செய்தார், எந்தத் துயரத்துக்கு எந்தப் பரப்பு என்று தேடித் தேடி முறையை மாற்றிக்கொண்டே இருந்தார். அவர் வரைந்ததும் பவேரியக் கல்தான், சிவகாசியில் முதலில் உருண்டதும் அந்த வகைக் கல் அச்சுத்தான். கல்லுக்குக் கட்சி கிடையாது.

சீன மரச்செதுக்குகள் 1940களில் வங்காளத்துக்கு வந்து சேர்ந்தன. 1946ல் தேபாகா விவசாயிகளோடு இருந்து நாட்குறிப்பும் சித்திரங்களும் எழுதிய சோம்நாத் ஹோர் அவற்றிலிருந்து கற்றார். அவர் பின்னாளில், எழுபதுகளில், ‘காயங்கள்’ வரிசையில் மையையே விட்டுவிட்டார். வெள்ளைக் காகிதக் கூழில் வெறும் கீறலும் பள்ளமும். கறுப்பும் போய்விட்டது, வெட்டு மட்டும் மிச்சம். சித்தப்ரசாத் அந்த எல்லைக்குப் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

*

இதெல்லாம் தமிழில் நமக்கு ஏன் பிடிபடாமல் போயிற்று? நம் ஓவியர்களிடம் குறை இல்லை. ஆதிமூலம் 1969 நூற்றாண்டையொட்டி வரைந்த காந்திக் கோட்டோவியங்களும், கி.ரா.வின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு ஜூனியர் விகடனில் அவர் போட்ட படங்களும், சோழமண்டலத்தில் ராமானுஜம் கறுப்பு மையில் கட்டிய கனவு மாளிகைகளும் கறுப்பின் சாத்தியங்களைக் காட்டியவை. அச்சோவியத்திலேயே ஆர்.பி. பாஸ்கரன் முதல் தேவகோட்டைக்காரரான ஆர்.எம். பழனியப்பன் வரை பெரிய சாதனைகள் உண்டு. ஆனால் சிறுபத்திரிகை வாசகனாகிய நாம் படத்தைப் பார்த்தது பிளாக் வழியாக. லெட்டர்பிரஸ் காலத்தில் ஹாஃப்டோன் பிளாக்குக்குக் காசு கிடையாது. துத்தநாகத் தகட்டில் லைன் பிளாக்தான். நயமான சாம்பல் எதுவும் அதில் வராது. பிற்பாடு ஜெராக்ஸ். நகலின் நகலின் நகல். கொல்விட்ஸின் தாயும் சித்தப்ரசாத்தின் பையனும் நம் கைப்பிரசுரங்களில் கறுத்த திட்டாக வந்து சேர்ந்தார்கள். திட்டில் வெட்டு தெரியாது, செய்தி மட்டும்தான் தெரியும். எனவே செய்தியை மட்டும் வாசித்தோம். ‘துயரத்தின் ஆவணம்’, ‘போர்க்குரல்’ என்று எழுதினோம். மறுபக்கத்தில் தூய கலைக்காரர்கள் அதே திட்டைப் பார்த்துவிட்டு ‘பிரச்சாரம்’ என்றார்கள். இரு தரப்பும் பார்க்காத ஒரு படத்தைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறோம்.

‘பிரதி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கோட்பாட்டுக் கட்டுரைகளில் அது எழுதப்பட்டது, வாசிப்புக்கு உட்படுவது. சிவகாசியில் பிரதி என்றால் எத்தனை ஆயிரம் என்று அடுத்த கேள்வி வரும். அச்சோவியம் இந்த இரண்டு அர்த்தத்திலும் பிரதி. அதற்கு மூலம் என்று தனியாக ஒன்று இல்லை. வெட்டிய லினோ பலகை மூலம் அல்ல, அது கருவி. ஒவ்வொரு தாளும் மூலமே. கலையின் தனித்த ஒளிவட்டம் யந்திர மறுஉற்பத்தியில் உதிர்ந்துபோகிறது என்று வால்டர் பெஞ்சமின் சொன்னதை இங்கே அப்படியே பொருத்த முடியாது. இது மறுஉற்பத்தியாகவே பிறந்தது, ஆனால் கையால் பிறந்தது. சந்தைக்கு இது சங்கடம். அதனால்தான் ஓரத்தில் பென்சிலால் 5/25 என்று எண் போட்டு, இருபத்தைந்துக்குமேல் எடுக்கமாட்டோம் என்று பற்றாக்குறையை உண்டாக்குகிற வழக்கம் வந்தது. சித்தப்ரசாத் மலிவாகப் பலருக்கும் போய்ச் சேரட்டும் என்று செய்தார். அவர் 1978ல் இறந்தார். இன்று அந்தத் தாள்கள் ஏல நிறுவனங்களின் பட்டியலில் வருகின்றன.

நான் பேசிக்கொண்டிருக்கிற வரிசைக்கு ‘தேவதைக் கதைகள் அற்ற தேவதூதர்கள்’ என்று பெயர். ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்தவை. 1969ல் டென்மார்க்கின் யுனிசெஃப் குழு தொகுப்பாக வெளியிட்டது. அதற்குச் சில வருஷம் கழித்து அம்மா வண்டியேறினாள். 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. குடும்பத்தோடு வீட்டில் செய்கிற வேலைக்கு விலக்கு என்று ஒரு சந்தையும் கூடவே வந்தது. 1990ல் சலம் பென்னூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் எடுத்தார். 1996 டிசம்பர் 10ல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. இவ்வளவு நடந்த இடைவெளியில் டென்மார்க் வரை போன அந்தப் படங்கள், யாரைப் பற்றியவையோ அவர்கள் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. லேபிள் லட்சக்கணக்கில் அச்சாகிற ஊரில் இருபத்தைந்து லினோகட் தாள் இறக்க ஆள் இல்லை. நாங்களும்தான் செய்யவில்லை, இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

*

அன்று சாயங்காலம், அம்மாவிடம் இந்தத் தலைப்பைச் சொன்னேன். கதை கேட்கக் குடுத்துவைக்காத பிள்ளைகள் என்று அர்த்தம் என்றேன். அம்மா சிரித்தாள்.

‘கதை இல்லன்னு யாரு சொன்னா? ஆபீஸ்ல கதைக்கு என்ன கொறச்சல்? எங்க வரிசையில ஒரு கெழவி இருந்துச்சு. ஏழு கடல் தாண்டி ராசா மகன் போறதெல்லாம் அது சொல்லித்தான் கேட்டேன். மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் கண்ணு சொக்கும்ல. கண்ணு அசந்தா கட்டை கொறையும். அதுக்காகவே கெழவி எடுத்துவிடும். நல்ல கட்டத்துல நிறுத்திட்டு, கை ஓடட்டும் பாப்போம் அப்படிம்பா. கை ஓடுனாத்தான் கதை ஓடும்.’

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. கதை பறிக்கப்பட்ட குழந்தைமை என்று ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன், அதை அடித்துவிட்டேன். சித்தப்ரசாத்துக்கு இது தெரிந்திருக்கலாம். அந்தேரியில் சேரிக் குழந்தைகளுக்காகப் பொம்மலாட்டம் நடத்தியவர் அவர். கதைக்கு ஏங்குகிற பிள்ளைகள் எங்கிருந்து கதையைப் பிடிப்பார்கள் என்று பார்த்திருப்பார். கதை இருந்தது. அது எந்தப் பக்கம் வேலை பார்த்தது என்பதுதான் பிரச்சினை. இதைத் தலைப்பில் சொல்ல முடியாது. படத்தில் முடியுமா என்று இன்னொரு தரம் அந்த முகத்தைப் பார்த்தேன். என் கையிலிருந்த ஜெராக்ஸில் கண்கள் இருந்த இடம் திட்டாகிக் கிடந்தது. தில்லிக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த வெட்டுகளை நினைவிலிருந்து அம்மாவுக்குச் சொன்னேன். இந்த வெள்ளையெல்லாம் கத்தியால் தோண்டி எடுத்தது, கறுப்பு அவர் கை படாத இடம் என்று.

அம்மா தாளை வாங்கி, பையனின் சட்டை மேல் ஓடும் வெள்ளைக் கோடுகளை நகத்தால் தடவிக்கொண்டே போனாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

‘இத்தனையும் கையால தோண்டுனதா?’

‘ஆமாம்மா.’

‘இதுக்குப் பீஸ் ரேட்டு என்ன குடுத்தாங்களாம்?’